எழுத்து பழக்கிய கண்

ஆங்கிலச் சின்ன எழுத்துகளில் ‘பி’யை (b) இடவலமாகத் திருப்பினால் ‘டி’ (d). எல்கேஜி, யூகேஜி பிள்ளைகள் இரண்டையும் மாற்றி மாற்றி எழுதுவார்கள். கவனமில்லை என்று அதட்டுகிறோம். அது தவறு, அந்தப் பிள்ளைகளின் பார்வை இயல்பாகத்தான் இருக்கிறது. புலி இடப்பக்கம் திரும்பி நின்றாலும் வலப்பக்கம் திரும்பி நின்றாலும் புலிதான். திரும்பிய உருவத்தையும் அதே பொருளாகக் கொள்வது பார்வையின் பழைய குணம். படிக்க வேண்டுமானால் அந்தக் குணத்தை எழுத்தளவிலாவது விட்டுவிட வேண்டும்.

எழுத்து தோன்றிச் சுமார் 5,000 ஆண்டுகள்தான் ஆகின்றன. வாசிப்புக்கென்று மூளையில் தனி உறுப்பு உருவாக அது போதாது. அதனால் முகங்களையும் பொருள்களையும் அறியும் பகுதியில், இடது மூளையின் பின்புற அடியில், ஒரு சிறு இடம் எழுத்துக்குப் பழகிக்கொள்கிறது. மூளையின் பின்பகுதி பழுதானதால் தான் எழுதியதையே படிக்க முடியாமல் போன ஒருவரைப் பற்றி பிரெஞ்சு மருத்துவர் ஜூல் டெஜரின் 1892இல் பதிவு செய்தார். அந்த நோயாளியால் எழுத முடிந்தது, பேச முடிந்தது. வாசிப்பு மட்டும் போய்விட்டது. பிரேசில், போர்ச்சுகல் நாடுகளில் மூளை ஆய்வாளர் ஸ்தனிஸ்லாஸ் டெஹேன் குழுவினர் செய்து 2010இல் வெளியிட்ட ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: வளர்ந்த பிறகு எழுத்தறிவு பெற்றவர்களிடமும் இந்த இடம் எழுத்துக்கு விழித்துக்கொள்கிறது.

எந்த எழுத்தைப் படிக்கிறோம் என்பதும் முக்கியம். இதற்குச் சான்று கிடைத்தது நம்மிடமிருந்துதான். ஒரு சிறு கோட்டுருவம் பெரிய உருவத்துக்குள் இருக்கிறதா என்று கேட்கும் சோதனையை ஆய்வாளர் எரிக் பெடர்சன் தமிழர்களிடம் நடத்தினார். இடவலம் மாறிய உருவத்தையும் ‘இருக்கிறது’ என்று ஏற்கும் போக்கு எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடம் இருந்தது. தமிழ் மட்டும் படித்தவர்களும் பெரும்பாலும் அப்படியே செய்தார்கள். ஆங்கில எழுத்தும் அறிந்தவர்கள்தான் வேறுபாட்டைப் பிடித்தார்கள். தமிழில் ஓர் எழுத்தைத் திருப்பினால் இன்னோர் எழுத்து வருவதில்லை. ஆகவே தமிழ் வாசிப்பு அந்த வேறுபாட்டைக் கேட்பதே இல்லை. அது கேட்பது வேறு: ரெண்டு சுழியா, மூணு சுழியா, ‘ர’வா, காலா. தமிழ் அறியாத கண்ணுக்கு ஒன்றுபோலத் தோன்றும் ‘ன’வும் ‘ண’வும் நமக்கு ஓடும் பஸ்ஸிலிருந்து பார்த்தாலும் வேறு வேறு.

எழுத்தை அடையாளம் காண்பதில் கைக்கும் பங்குண்டு. பிரான்சில் மழலையரிடம் நடந்து 2005இல் வெளியான ஓர் ஆய்வில், அவர்களுள் சற்றே மூத்த பிள்ளைகளில், விசைப்பலகையில் தட்டிப் பழகியவர்களைவிடக் கையால் எழுதிப் பழகியவர்கள் எழுத்துகளை நன்றாக அடையாளம் கண்டார்கள்.