கேபிளைச் செருகினால் போதும்: ஐபி தொலைபேசி தன்னைத் தானே அமைத்துக்கொள்வது எப்படி?

ஒரு மருத்துவமனைக்கு 200 ஐபி தொலைபேசிகள் வந்து இறங்குகின்றன என்று வைத்துக்கொள்வோம். சர்வர் முகவரி, எக்ஸ்டென்ஷன் எண், பாஸ்வேர்டு, எந்தப் பொத்தானை அழுத்தினால் எந்த வார்டு என்று ஒவ்வொன்றிலும் கையால் அடித்துக்கொண்டிருந்தால் பல நாள் போய்விடும். ஒரு எழுத்து தவறினாலும் அந்தத் தொலைபேசி ஊமையாகிவிடும். அதனால் யாரும் அப்படிச் செய்வதில்லை. பெட்டியைப் பிரித்துக் கேபிளைச் செருகுகிறார்கள். கருவி ஓரிரு முறை அணைந்து எழுகிறது. திரையில் வார்டின் பெயர் வருகிறது. ரிசீவரை எடுத்தால் டயல் டோன் கேட்கிறது. இந்த ஏற்பாட்டுக்கு ஆட்டோ ப்ரொவிஷனிங் என்று பெயர்.

மின்சாரமும் பெரும்பாலும் அதே கேபிளில்தான் வருகிறது. அதற்கான தரம் 2003-இல் வகுக்கப்பட்டது. உயிர் வந்ததும் தொலைபேசி முதலில் வலைப்பின்னல் ஸ்விட்சிடம் பேசி, குரலுக்கென்று ஒதுக்கிய தனிப் பாதை எது என்று தெரிந்துகொள்கிறது. அடுத்து, தனக்கு ஒரு ஐபி முகவரி வேண்டும் என்று வலைப்பின்னல் முழுவதற்கும் குரல் கொடுக்கிறது. டிஹெச்சிபி சர்வர் முகவரியைத் தருகிறது. அந்தப் பதிலுடன் ‘ஆப்ஷன் 66’ என்ற ஒரு வரியும் வரும். உன் அமைப்புக் கோப்பு இந்த சர்வரில் இருக்கிறது, போய் எடுத்துக்கொள் என்பதே அந்த வரியின் பொருள். சிஸ்கோ தொலைபேசிகள் இதற்கு 150 என்ற எண்ணையும் பார்க்கும்.

சர்வரில் நூற்றுக்கணக்கான கோப்புகள் இருக்குமே, தன்னுடையது எது என்று கருவிக்கு எப்படித் தெரியும்? மேக் முகவரியால்தான். ஒவ்வொரு கருவிக்கும் தொழிற்சாலையிலேயே 12 இலக்க (0–9, A–F) அடையாளம் ஒன்று பதிக்கப்படுகிறது. பெரும்பாலும் அதன் முதல் 6 இலக்கங்கள் தயாரிப்பாளரைக் குறிக்கும். கோப்பின் பெயரிலேயே அந்த அடையாளம் இருப்பதால் தொலைபேசி நேராக அதைக் கேட்டு வாங்கிவிடும். எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான நேர மண்டலம், மொழி, ஃபர்ம்வேர் பதிப்பு போன்றவை தனியாக ஒரு பொதுக் கோப்பில் இருக்கும். பிறகு ஏதேனும் மாற வேண்டுமானால் கோப்பைத் திருத்திவிட்டு, சர்வரிலிருந்து ஒரு சிறு செய்தி அனுப்பினால் போதும். தொலைபேசி கோப்பை மறுபடி எடுத்துப் படித்துக்கொள்ளும். மாடி மாடியாக ஆள் ஏற வேண்டியதில்லை.

ஊழியரின் வீட்டுக்கு அனுப்பும் தொலைபேசிக்கு இந்த வழி உதவாது. வீட்டு ரவுட்டருக்கு ஆப்ஷன் 66 பற்றி எதுவும் தெரியாது. அங்கே யீலிங்க், பாலி (முன்பு பாலிகாம்) போன்ற தயாரிப்பாளர்களின் சொந்த சர்வர்கள் கைகொடுக்கின்றன. புதுக் கருவி முதல்முறை இணையத்தைத் தொட்டதும் தயாரிப்பாளரின் சர்வரைக் கூப்பிடும். இந்த மேக் முகவரி இன்ன நிறுவனத்துக்குரியது, அங்கே போ என்று அது திருப்பிவிடும்.

இத்தனை வசதிக்கும் நடுவில் ஓர் ஆபத்து இருக்கிறது. இதைப் பொருட்படுத்தாத அலுவலகங்கள் பெரும் விலை கொடுக்க நேரும். அந்தக் கோப்புக்குள் எக்ஸ்டென்ஷனின் பாஸ்வேர்டு இருக்கிறது. கோப்பை எடுக்கப் பல காலமாகப் பயன்பட்டுவரும் டிஎஃப்டிபி என்ற முறையிலோ பாஸ்வேர்டும் கிடையாது, மறையாக்கமும் கிடையாது. 1992-இல் அதன் இன்றைய வடிவம் வெளியானபோதும் இவை சேர்க்கப்படவில்லை. மேக் முகவரி ரகசியமும் அல்ல. கருவியின் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரிலேயே அச்சாகியிருக்கும். தயாரிப்பாளர் தெரிந்துவிட்டால் மீதி 6 இலக்கங்களில் சுமார் 1.68 கோடி சாத்தியங்கள்தான். ஒரு கணினி அவற்றை வரிசையாகக் கேட்டுப் பார்த்துவிடும். ஒரு கோப்பு சிக்கினாலும், அந்த எக்ஸ்டென்ஷன் வழியாக இரவோடு இரவாக அதிகக் கட்டணமுள்ள வெளிநாட்டு எண்களுக்கு அழைப்புகள் போகும். பில் வரும்போதுதான் நிறுவனத்துக்கே தெரியும். கோப்பு சர்வரை இப்படி இணையத்தில் திறந்து வைப்பது வீட்டைப் பூட்டிவிட்டுச் சாவியைப் பூட்டிலேயே தொங்கவிடுவதுதான்.

மாற்று வழி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. கோப்பை ஹெச்டிடிபிஎஸ் வழியாக மட்டும் கொடுக்க வேண்டும். தரமான தொலைபேசிகளில் தொழிற்சாலையிலேயே ஒரு டிஜிட்டல் சான்றிதழ் வைத்து அனுப்புகிறார்கள். சர்வர் அதைச் சரிபார்த்து, சான்றிதழில் உள்ள மேக் முகவரியும் கேட்கப்படும் கோப்பும் பொருந்தினால் மட்டும் தரலாம். தொலைபேசியும் சர்வரின் சான்றிதழைச் சரிபார்க்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே புகுந்த ஒரு போலி டிஹெச்சிபி சர்வர் அதை எங்கு வேண்டுமானாலும் இழுத்துப் போகும். வெளியார் தொட முடியாத உள்வலையில் டிஎஃப்டிபி இருப்பதை ஓரளவு பொறுத்துக்கொள்ளலாம். பொது இணையத்தில் அதற்கு இடமே தரக்கூடாது.

கருவியை விற்கும்போதும் கவனம் வேண்டும். தொழிற்சாலை நிலைக்கு மாற்றிவிட்டோம் என்று நிம்மதியாக விற்றுவிடுகிறார்கள். ஆனால் தயாரிப்பாளரின் சர்வரில் அந்த மேக் முகவரி பழைய நிறுவனத்தின் பெயரிலேயே இருந்தால், புதியவர் வீட்டில் செருகியதும் தொலைபேசி பழைய இடத்துக்கே போய்க் கோப்பைக் கேட்கும். விற்பதற்கு முன் அந்தப் பதிவை விடுவித்து, கோப்பை அழித்து, எக்ஸ்டென்ஷனின் பாஸ்வேர்டையும் மாற்றிவிட வேண்டும்.