சீகிரியா ஊருக்கு முதலில் எது தேவை?

சீகிரியா, மாத்தளை மாவட்டத்தின் வடபகுதியில் தம்புள்ளைப் பிரதேச செயலகப் பிரிவில் அமைந்த சிற்றூர். தம்புள்ளையிலிருந்து திருகோணமலைக்குப் போகும் ஏ-6 வீதியில் இனாமலுவ சந்தியில் கிழக்கே திரும்பி ஏறத்தாழ 10 கிலோமீற்றர் போனால் ஊர் வரும். 5ஆம் நூற்றாண்டில் மன்னன் காசியப்பன் கோட்டை கட்டிய குன்று 1982இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. குன்றையும் அதன் ஓவியங்களையும் பற்றி நூல்கள் நிறைய வந்துவிட்டன. அதன் அடிவாரத்திலிருந்து கிம்பிஸ்ஸ வரை வீதியோரமாக நீண்டு கிடக்கும் ஊரைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. உணவகம், விருந்தினர் விடுதி, ஓட்டோத் தரிப்பிடம், சஃபாரி ஜீப்காரர், ஆயுர்வேத மசாஜ் நிலையம், மரச்சிற்பக் கடை என்பனவே அதன் கடைத்தெரு. அவற்றுக்குப் பின்னால் வயலும் சேனையும் குளமும், பல தலைமுறையாக அங்கேயே இருந்துவரும் குடும்பங்களின் வீடுகளும் உண்டு.

இந்த ஊருக்கு வருகிறவரின் தேவையும் ஊரில் இருப்பவரின் தேவையும் ஒன்றல்ல. வருகிறவர் விடியற்காலையில் குன்றேறி, வெயில் ஏறுமுன் இறங்கி, ஓரிரு இரவு தங்கிப் போய்விடுவார். இருப்பவருக்கு ஆண்டு முழுவதும் தண்ணீர் வேண்டும், குப்பையை எடுக்க ஆள் வேண்டும், இரவில் பயமின்றி வீடு திரும்ப வேண்டும், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் வைத்தியரிடம் போக வழி வேண்டும். சுற்றுலா ஊர்களுக்கான திட்டங்கள் வாகனத் தரிப்பிடத்தில் தொடங்கி அலங்கார வளைவில் முடிவது வழக்கம். சீகிரியாவில் அந்த வரிசையை மாற்றியாக வேண்டும். குடியிருப்பவரின் தேவைகளை நிறைவேற்றினால் வருகிறவரும் அதனால் நன்மை பெறுவார். வளைவும் பூச்சட்டியும் வைத்தால் குடியிருப்பவருக்கு எதுவும் கிடைக்காது.

முதலில் வைக்க வேண்டியது தண்ணீர். சீகிரியா உலர்வலயத்து ஊர். ஒக்டோபர் முதல் ஜனவரி வரை பெய்யும் மழைதான் குளங்களை நிரப்புகிறது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை கடும் வறட்சி. ஐரோப்பியர்களின் கோடை விடுமுறை அந்த மாதங்களில்தான் வருகிறது. பக்கத்து மின்னேரியாக் குளத்தின் வற்றிய கரையில் யானைகள் நூற்றுக்கணக்கில் கூடுவதும், அதைப் பார்க்கப் பயணிகள் திரள்வதும் அப்போதுதான். ஆக, கிணறுகள் அடிதட்டும் காலத்தில் விடுதி அறைகள் நிரம்புகின்றன, நீச்சல் தடாகங்களும் நிரப்பப்படுகின்றன. ஆழ்துளைக் கிணறு வெட்ட வசதி உள்ள விடுதிக்குத் தண்ணீர் கிடைத்துவிடும். பக்கத்து வளவின் ஆழமில்லாக் கிணற்றுக்காரர்தான் வாளியோடு அலைய வேண்டும்.

அளவைவிடத் தரம் பெரிய கவலை. உலர்வலயத்தின் பல பகுதிகளில் நிலத்தடி நீர் கடினநீர், புளோரைட் மிகுந்தது. 1990களில் வடமத்திய மாகாணத்தில் கண்டறியப்பட்டு அயல் மாவட்டங்களுக்கும் பரவிய நாட்பட்ட சிறுநீரக நோய்க்கு ஒரே காரணம் எது என்று ஆய்வாளர்கள் இன்னும் முடிவு சொல்லவில்லை. குடிநீரின் தரம், விவசாய இரசாயனங்கள், வெயிலில் உடல்நீர் வற்றுதல் எல்லாமே சந்தேகத்தில் உள்ளன. சுத்தமான குடிநீர் எந்தக் காரணத்தின் கீழும் நன்மையே செய்யும் என்பதால், முடிவுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. சுத்திகரிப்பு நிலையங்களிலிருந்து கலனில் தண்ணீர் வாங்கிப் போவது உலர்வலயக் குடும்பங்களுக்குப் பழகிப்போனது. அது அவசரத்துக்கான ஏற்பாடு. மாத்தளை மாவட்டத்திலேயே மொரகஹகந்த நீர்த்தேக்கம் 2018இல் நிறைவடைந்து பயன்பாட்டுக்கு வந்துவிட்டது. தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் குழாய், விடுதிகள் வரிசையாக நிற்கும் பிரதான வீதியோடு நின்றுவிடாமல் உள்வீதிக் குடும்பங்கள் வரை போக வேண்டும். விடுதிகளின் ஆழ்துளைக் கிணறுகளுக்கு மீற்றர் பொருத்துவதும், புதிதாகக் கட்டும் விடுதி மழைநீர்த் தொட்டியைக் காட்டினால் மட்டுமே அனுமதி என்று விதிப்பதும் அதிகச் செலவில்லாத காரியங்கள்.

தண்ணீரோடு சேர்த்தே கழிவுநீரையும் பார்க்க வேண்டும். நகரங்களில் போடுவதுபோல நிலத்தடிக் கழிவுக்குழாய் இங்கே எளிதில் போட முடியாது. மண்ணுக்கடியில் கிடப்பது பழைய நகரம். காசியப்பன் கால நகரமைப்பு கிழக்கு மேற்காக ஏறத்தாழ 3 கிலோமீற்றரும் தெற்கு வடக்காக 1 கிலோமீற்றரும் பரவியது. அதன் நிலத்தடி நீர்வழிகள் சில இன்றும் வேலை செய்கின்றன. மேற்குப் பூங்காவின் நீரூற்றுகள் மழைக்காலத்தில் இப்போதும் பீறிடுவது அதனால்தான். இப்படிப்பட்ட நிலத்தில் மண்வெட்டி போடத் தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும், வேண்டியதுதான். ஆகவே நடைமுறைக்கு ஏற்றது வேறு வழி. ஒவ்வொரு விடுதியும் ஒழுகாத மலக்குழி கட்டியிருக்கிறதா என்று பிரதேச சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் பார்வையிட வேண்டும், குறித்த காலத்துக்கு ஒருமுறை பவுசர் வந்து எடுக்க வேண்டும், எடுத்ததைக் காட்டோரத்தில் கொட்டிவிடாமல் சிறிய சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையே போதிய தூரம் விடாத விடுதியின் உரிமத்தைப் புதுப்பிக்கக் கூடாது.

குப்பை, மற்ற ஊர்களில் துர்நாற்றமும் கொசுவும் தரும் பிரச்சினை. சீகிரியாவில் அது உயிராபத்து, ஏனெனில் குப்பைக்கு யானை வரும். ஊரைச் சுற்றியுள்ள காடு 1990இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஹபரணை, ஹுருலு, மின்னேரியாக் காடுகளில் உலவும் யானைக் கூட்டங்களின் நடமாட்ட எல்லைக்குள்தான் ஊர் இருக்கிறது. உணவகத்தின் பின்புறம் கொட்டிய சோறும் பழத்தோலும் அவற்றின் மூக்குக்கு எட்டும். ஒருமுறை தின்று ருசிகண்ட யானை திரும்பத் திரும்ப வரும், மின்வேலியைத் தள்ளவும் கற்றுக்கொள்ளும். சோற்றோடு சேர்ந்து பொலித்தீனும் வயிற்றுக்குள் போகும். அம்பாறை மாவட்டம் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பிளாஸ்டிக்கைத் தின்று ஏறத்தாழ எட்டு ஆண்டுகளில் 20 யானைகள் இறந்ததாக 2022 ஜனவரியில் வெளியான செய்தி உலகெங்கும் பேசப்பட்டது. சீகிரியாவின் பிழைப்பில் ஒரு பகுதி யானையை நம்பியது. இங்கே அப்படி ஒன்று நடந்தால் அது ஊரையே கெடுக்கும்.

சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. 2017 செப்டெம்பரிலிருந்து பொலித்தீன் சாப்பாட்டுத் தாளும் மெல்லிய பைகளும் ரிஜிபோம் பெட்டிகளும் தடை. 2023 ஒக்டோபரிலிருந்து ஒருமுறை பாவித்து எறியும் பிளாஸ்டிக் தட்டு, கோப்பை, கரண்டி, இடியப்பத் தட்டு வரை தடை. குறைவாக இருப்பது அன்றாட ஒழுங்கு. விடுதிகளும் உணவகங்களும் உக்கும் குப்பையையும் உக்காததையும் பிரித்து வைக்க வேண்டும். உக்கும் குப்பையை மாலைக்குள், யானை நடமாட்டம் தொடங்குமுன், உழவு இயந்திரம் எடுத்துவிட வேண்டும். இரவில் தெருவோரத்தில் சாப்பாட்டுக் குப்பை ஒரு கூடையளவும் கிடக்கக் கூடாது. 2008இல் தொடங்கிய பிலிசரு திட்டத்தின் கீழ் நாட்டின் பல உள்ளூராட்சி சபைகள் கூட்டெரு நிலையங்களை அமைத்தன. சமையலறைக் கழிவு இத்தனை குவியும் ஊரில், உரம் வேண்டிய வயலும் தோட்டமும் சுற்றிலும் உள்ள ஊரில், மின்வேலி சூழ்ந்த ஒரு கூட்டெரு நிலையம் தன் செலவில் ஒரு பகுதியைத் தானே ஈட்டும்.

அடுத்தது இரவு. 2023இல் மட்டும் நாடு முழுவதும் 400க்கு மேற்பட்ட யானைகளும் 150க்கு மேற்பட்ட மனிதர்களும் யானை–மனித மோதலில் மாண்டார்கள். கிம்பிஸ்ஸ, இனாமலுவப் பக்கம் பொழுது சாய்ந்தபின் வீதியில் யானை நிற்பது புதிதல்ல. விடுதியில் வேலை முடித்து இரவு ஒன்பது, பத்து மணிக்குச் சைக்கிளில் வீடு திரும்பும் சமையல் உதவியாளருக்கும் அறை துப்புரவுப் பெண்ணுக்கும் அந்தப் பாதைதான் உண்டு. பயணி ஓட்டோ பிடித்துப் போய்விடுவார். யானை கடக்கும் இடங்களை வனசீவராசிகள் திணைக்களத்தோடு சேர்ந்து அடையாளம் கண்டு, அங்கே வீதியோரப் புதரை வெட்டி, தூரத்திலேயே உருவம் தெரியும்படி மங்கலான, கீழ்நோக்கிய விளக்குகள் போட வேண்டும். காட்டைப் பகலாக்கும் ஒளிவெள்ளம் வேண்டாம். இரவுப் பணியாளரை வீட்டில் கொண்டுபோய் விடும் பொறுப்பைப் பெரிய விடுதிகள் ஏற்க வேண்டும். பகலில் நடப்போருக்கு வீதியின் ஒரு பக்கமாவது நடைபாதை தேவை. இப்போது பள்ளிப் பிள்ளையும் முதுகுப்பை சுமந்த பயணியும் ஜீப்பும் ஒரே தார்விளிம்பைப் பகிர்கிறார்கள்.

பஸ் விடயம் சுருக்கமானது. தம்புள்ளை–சீகிரியா பஸ் பகலில் ஓடுகிறது, மாலை மங்கியதும் நின்றுவிடுகிறது. இரவு ஒரு கடைசி பஸ் இருந்தால் மேலதிக வகுப்புக்குப் போன மாணவரும் தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தில் வேலை செய்பவரும் ஓட்டோவுக்குக் கொடுக்கும் பணம் மிஞ்சும். வைத்தியம் அதைவிட அவசரமானது. பாரிய சிகிச்சைக்குத் தம்புள்ளை ஆதார வைத்தியசாலைக்கே போக வேண்டும். குன்றில் குளவி கொட்டுவது அடிக்கடி செய்தியாகிறது, ஒரே நேரத்தில் பலர் பாதிக்கப்படுவதும் உண்டு. ஊரில் பாம்புக்கடி உண்டு, யானை தாக்கியவரும் உண்டு. 1990 என்ற எண்ணில் அழைத்தால் சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசமாக வருகிறது. அது வந்து சேரும்வரை உயிரைப் பிடித்துவைக்கும் வசதி, அதாவது இரவிலும் ஒரு வைத்தியர், ஒவ்வாமைக்கும் விஷக்கடிக்கும் வேண்டிய மருந்து, ஒட்சிசன் ஆகியவை ஊருக்குள் இருக்க வேண்டும்.

கடைத்தெருவின் சீர்திருத்தம் இவற்றுக்குப் பிறகுதான். அதிலும் கட்டட முகப்புக்கு ஒரே நிறம் பூசுவதைவிட, எந்தக் கடை இருக்கிறது என்பது முக்கியம். காலிக் கோட்டையில் வீடுகள் ஒவ்வொன்றாக விடுதியும் கடையுமாக மாற, குடியிருந்தவர்கள் குறைந்துபோனதை நாடு கண்டது. சீகிரியாவும் அந்தத் திசையில் போகக்கூடிய ஊர்தான். பயணி வாங்கும் பொருளை விற்கும் கடை அதிக வாடகை தரும்போது மருந்துக்கடையும் விதை, உரக் கடையும் சைக்கிள் திருத்தும் இடமும் நிலைக்க முடியாது. பிரதேச சபை தன் சொந்தக் கட்டடத்தில் குறைந்த வாடகைக்கு இத்தகைய கடைகளுக்கு இடம் ஒதுக்க வேண்டும். பக்கத்து விவசாயி விளைத்த காய்கறி தம்புள்ளை மொத்தச் சந்தைக்குப் போய், அங்கிருந்து சீகிரியா விடுதிச் சமையலறைக்குத் திரும்பி வருவதைத் தவிர்க்க, ஊரிலேயே ஒரு காலைச் சந்தை நன்றாக உதவும்.

சுற்றுலாவை மட்டும் நம்பிய தெரு எவ்வளவு விரைவில் வெறிச்சோடும் என்பது அண்மையில் நடந்த கதை. 2018இல் 23 இலட்சத்துக்கு மேற்பட்ட வெளிநாட்டவர் இலங்கைக்கு வந்தனர். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளும் பிறகு கொரோனாவும் வந்து, 2021இல் அந்தத் தொகை 2 இலட்சத்தையும் எட்டவில்லை. 2024இல்தான் மீண்டும் 20 இலட்சத்தைத் தாண்டியது. இடைப்பட்ட ஆண்டுகளில் வயல் வைத்திருந்த குடும்பம் சாப்பிட்டது, கடன் வாங்கி அறை கட்டிய குடும்பம் வட்டி கட்டத் தவித்தது. ஊரின் திட்டத்தில் குளம் தூர்வாருவதும் மின்வேலியைப் பராமரிப்பதும் இடம்பெற வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

மொழியும் ஒரு சேவைதான். தமிழும் அரசகரும மொழி என்று 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் சொன்னது. வடக்கு, கிழக்கிலிருந்தும் மலையகத்திலிருந்தும் பாடசாலைப் பிள்ளைகள் சுற்றுலாவாகக் குன்றைப் பார்க்க வருகிறார்கள். வெளிநாட்டுப் பயணிகளில் இந்தியர்களே 2023, 2024 ஆண்டுகளில் முதலிடம், அவர்களில் தமிழ்நாட்டவரும் உண்டு. பஸ் பெயர்ப்பலகை, வைத்தியசாலை அறிவிப்பு, யானை எச்சரிக்கை, குளவி எச்சரிக்கை ஆகியவை பிழையில்லாத தமிழில் இருப்பது உயிர் காக்கும் காரியம்.

இத்தனையையும் செய்ய வேண்டியவர் யார் என்பதில்தான் சிக்கல் இறுகுகிறது. குன்றும் அதன் அனுமதிச்சீட்டு வருமானமும் 1980ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான மத்திய கலாசார நிதியத்தின் கையில். மண் தொல்பொருள் திணைக்களத்தின் கண்காணிப்பில். காடு வனசீவராசிகள் திணைக்களத்துடையது. விடுதிப் பதிவு சுற்றுலா அதிகார சபையிடம். குப்பையும் உள்வீதியும் விளக்கும் மட்டும் தம்புள்ளைப் பிரதேச சபையின் தலையில். வெளிநாட்டவர் ஒருவர் குன்றேற 30 டொலருக்கு மேல் செலுத்துகிறார். அவர் எறிந்த போத்தலைப் பொறுக்கும் சபைக்கு அதில் உரிமைப் பங்கு இல்லை. பதிவுபெற்ற விடுதிகளின் வருமானத்தில் 1 சதவீதம் வரை சபை அறவிடலாம். பதிவில்லாத விடுதிகள் அதற்குள் அகப்படுவதில்லை. அனுமதிச்சீட்டு ஒன்றுக்கு ஒரு டொலர் வீதம் குப்பைக்கும் தண்ணீருக்கும் என்றே ஒதுக்கிச் சபைக்குத் தரும்படி சட்டத்தைத் திருத்துவது நியாயமானது.

எல்லாத் திணைக்களங்களையும் ஒரே அதிகார சபைக்குள் கொண்டுவந்தால் தீரும் என்று சிலர் நினைக்கலாம். கர்நாடகத்தின் ஹம்பியில் அப்படி ஓர் ஆணையம் சட்டப்படி அமைந்தது. அங்கேதான் 2011 ஜூலையில், விரூபாட்சர் கோயில் முன்னுள்ள பழைய கடைத்தெருவில் பிழைத்துவந்த 300க்கு மேற்பட்ட குடும்பங்களின் வீடுகளும் கடைகளும் இடிக்கப்பட்டன. குடியிருப்பவருக்குக் குரல் இல்லாத இடத்தில் அதிகாரத்தைக் குவிப்பதால் ஊருக்கு நன்மை வராது. பிரதேச சபைக்கு அந்தக் குரல் உண்டு, அதன் கையில் பணம்தான் இல்லை. 2018இல் தெரிவான சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தபின் ஈராண்டுக்கு மேல் மக்கள் பிரதிநிதிகளே இல்லாமல் செயலாளர்கள்தான் நிருவகித்தார்கள். சுற்றுலா மீண்டும் பெருகி, புதிய விடுதிகளுக்கு அனுமதி கேட்கப்பட்ட காலம் அது. 2025 மே 6ஆம் திகதித் தேர்தலால் சபை திரும்ப வந்துள்ளது.

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம், சபையின் குழுக்களில் உறுப்பினரல்லாத ஊரவரையும் சேர்க்க இடம் தருகிறது. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைக் கொண்டு விடுதிகளிடம் அறவிட்ட பணம் எவ்வளவு, எதற்குச் செலவானது என்று யாரும் கேட்கலாம். சீகிரியா, கிம்பிஸ்ஸ, இனாமலுவ மக்கள் இந்த இரண்டையும் இப்போதே பயன்படுத்த வேண்டும். சபையின் பதவிக்காலம் நான்கு ஆண்டுகள். உள்வீதிக் குடிநீரும் கூட்டெரு நிலையமும் அதற்குள் முடிக்கக்கூடிய வேலைகள்.