உமிழ்நீர் ஓட்டம் தடைபட்டால்

காதுக்குக் கீழே கன்னம் வீங்கினால் 'பொன்னுக்கு வீங்கி' என்று சொல்லிவிடுகிறோம். அது வைரஸால் வருவது. பத்து நாளில் வடிந்துவிடும், ஒருமுறை வந்தவருக்குப் பெரும்பாலும் மறுபடி வராது. அதே இடத்திலோ தாடைக்கு அடியிலோ வீங்கி, வடிந்து, சில வாரங்களில் மறுபடி வீங்கினால் அது வேறு நோய்: நாட்பட்ட உமிழ்நீர்ச் சுரப்பி அழற்சி. இதற்குக் காரணம் பாக்டீரியாவா, உடலின் எதிர்ப்பாற்றலே தன் சுரப்பியைத் தாக்குவதா? இரண்டில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும் என்று எண்ணுவதில்தான் பிழை தொடங்குகிறது. இரண்டும் ஒன்றை ஒன்று வளர்க்கின்றன. அவற்றைப் பிணைக்கும் முடிச்சு, உமிழ்நீர் ஓட்டம் குறைவது.

மேல்வரிசையின் இரண்டாம் கடைவாய்ப்பல்லுக்கு நேரே கன்னத்தின் உட்புறத்தை நாக்கால் தடவினால் ஒரு சிறு மேடு தட்டுப்படும். காதோரச் சுரப்பியின் குழாய் அங்கேதான் திறக்கிறது. கோடிக்கணக்கான பாக்டீரியா வாழும் வாய்க்குள் அந்தத் துளை எப்போதும் திறந்தே இருந்தும் சுரப்பி கெடுவதில்லை. நாளொன்றுக்கு அரை முதல் ஒன்றரை லிட்டர் வரை சுரக்கும் உமிழ்நீர் கிருமிகளை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது. அதில் கலந்திருக்கும் லைசோசைமும் எதிர்ப்புரதங்களும் காவல் காக்கின்றன. ஓடும் வாய்க்காலில் பாசி தங்காது, தேங்கினால் படரும். 1881-இல் சுடப்பட்டுப் படுக்கையில் கிடந்த அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டுக்குக் காதோரச் சுரப்பி சீழ் பிடித்தது. நலிந்த உடலில், உணவும் நீரும் குறைந்து உமிழ்நீர் வற்றும்போது ஸ்டஃபைலோகாக்கஸ் போன்ற கிருமிகள் குழாய் வழியே மேலேறுவதை மருத்துவர்கள் நன்கு அறிவார்கள். குழாயில் கல் அடைத்தாலும் இதுதான் நடக்கும். கீழ்த்தாடைச் சுரப்பியின் நீர் கெட்டியானது, குழாயும் மேல்நோக்கி ஏறுவது. அதனால் பெரும்பாலான கற்கள் அங்கேதான் உருவாகின்றன.

ஆனால் கல்லும் சீழும் இல்லாமலே சுரப்பி அழிவதும் உண்டு. கண்ணும் வாயும் வறண்டுபோகும் நோயை ஸ்வீடனின் கண் மருத்துவர் ஹென்ரிக் ஷோக்ரன் 1933-இல் விரிவாக விவரித்தார். இன்று அது அவர் பெயரால் வழங்குகிறது. நோயாளிகளில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். கீழுதட்டின் உட்புறத்திலிருந்து சிறு சுரப்பிகள் சிலவற்றை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால், குழாய்களைச் சுற்றி லிம்போசைட் என்ற எதிர்ப்பாற்றல் அணுக்கள் மொய்த்திருக்கும். 4 சதுர மில்லிமீட்டர் பரப்பில் ஐம்பதுக்கு மேற்பட்ட அணுக்கள் கொண்ட ஒரு திரளாவது இருந்தால் அது முக்கியச் சான்று. பலரது இரத்தத்தில் ரோ (Ro) என்ற சொந்தப் புரதத்தை எதிர்க்கும் எதிர்ப்புரதமும் இருக்கும்.

அந்தத் தாக்குதலைத் தொடங்கி வைப்பது யார்? தொண்டையில் தொற்றிய ஸ்ட்ரெப்டோகாக்கஸைத் தாக்கப் புறப்பட்ட எதிர்ப்பாற்றல், ஒத்த உருவத்தால் ஏமாந்து இதயத்தைத் தாக்குவதே வாதக் காய்ச்சல். ஷோக்ரன் நோயிலும் அப்படி நடக்கலாம் என்பதற்குத் தடயம் உண்டு. பற்களில் படியும் கேப்னோசைட்டோஃபாகா என்ற பாக்டீரியாவின் ஒரு புரதம், ரோவை அடையாளம் காணும் டி வகை லிம்போசைட்டுகளைத் தூண்டியதை 2014-இல் ஓர் ஆய்வு காட்டியது. வாய் வறண்டதால்தானே பாக்டீரியாக்கள் மாறியிருக்கும், விளைவைக் காரணம் என்பதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, வறண்ட வாயில் கிருமிக் கூட்டம் மாறத்தான் செய்யும். ஆனால் அந்த மறுப்பே ஒரு சுழலையும் காட்டுகிறது: அழற்சி ஓட்டத்தைக் குறைக்கிறது, குறைந்த ஓட்டம் கிருமிகளை உள்ளே விடுகிறது, அவை அழற்சியை மீண்டும் கிளறக்கூடும். இதனால் கிருமிகளை அடியோடு ஒழிப்பதே தீர்வு என்றும் ஆகிவிடாது. இந்நோய்க்கு ஆளாகும் ஒருவகை எலிகளைக் கிருமியே இல்லாத சூழலில் வளர்த்தபோது கண் வறட்சி கூடவே செய்தது. உடலோடு வாழும் பாக்டீரியாக்கள் எதிர்ப்பாற்றலுக்குக் கட்டுப்பாட்டையும் கற்றுத்தருகின்றன.

எது முதலில் வந்தது என்ற வாதத்தால் நோயாளிக்கு என்ன பயன் என்றும் கேட்கலாம். பயன், வைத்தியத்தில் இருக்கிறது. சுரப்பியை அழுத்தும்போது குழாய் வாயில் சீழ் வந்தால் ஆன்டிபயாடிக் தேவைதான். ஆனால் கல் இருக்கும்வரை அந்த மருந்து தற்காலிக ஆறுதலே. கல்லை எடுத்தால்தான் ஓட்டம் திரும்பும். சீழே இல்லாமல் திரும்பத் திரும்ப வீங்குபவருக்கு அதே மாத்திரையை மறுபடியும் எழுதுவதில் அர்த்தமில்லை. ஸ்கேனும் இரத்தப் பரிசோதனையும், வேண்டுமானால் உதட்டுத் திசுச் சோதனையும் செய்யவேண்டும். ஷோக்ரன் நோயாளிகளில் சிலருக்குச் சுரப்பியில் லிம்ஃபோமா புற்றுநோய் வருவதுண்டு. வடியாமல் நிற்கும் வீக்கத்தை அலட்சியம் செய்யக்கூடாது. நிறையத் தண்ணீர் குடிப்பதும், உமிழ்நீரை ஊறவைக்கும் புளிப்பைச் சுவைப்பதும், சுரப்பியை மெல்ல நீவிவிடுவதும் எளிய வைத்தியம் போலத் தோன்றலாம். அவை அந்தச் சுழலை அது தொடங்கும் இடத்திலேயே தடுக்கும் முயற்சிகள்.