ஆடும் பாதங்கள் – 9: முதலில் தரையைப் பாருங்கள்

பிள்ளையை நடன வகுப்பில் எந்த வயதில் சேர்ப்பது, பரதத்தில் முழங்காலை மடித்து நிற்கிற அரைமண்டிக்கான திருப்பம் முழங்காலிலிருந்து வரவேண்டுமா இடுப்பிலிருந்து வரவேண்டுமா என்பதையெல்லாம் பேசி முடித்தாயிற்று. தொடர்ந்து படிப்பவர்களுக்கு நினைவிருக்கும். இந்த வாரம் ஹிப்-ஹாப் வகுப்புகளுக்குள் நுழைவதாகச் சொல்லியிருந்தேன். ஆனால் வழியில் ஒரு சிங்கம் குறுக்கே வந்துவிட்டது. அதைப் பார்த்துவிட்டுத்தான் மேலே போக முடியும்.

குச்சிப்புடியோடு சேர்த்துச் சொல்லப்படும் ‘சிம்ஹநந்தினி’ என்றொரு உருப்படி இருக்கிறது. தரையில் வண்ணப்பொடியைப் பரப்பி, அதன்மேல் ஆடுகிறார்கள். பொடியின்மேல் துணி விரித்து ஆடுவதும் உண்டு. ஆடி முடித்துத் துணியை எடுத்தால் அங்கே ஒரு சிங்கம் வரையப்பட்டிருக்கும். வரைந்தது கால். ஜதி தவறாமல், தாளம் பிசகாமல், பாதம் எங்கே அழுந்த வேண்டும், எங்கே இழுபட வேண்டும் என்று உடம்பே கணக்கு வைத்துக்கொண்டு வரைந்த சிங்கம்.

இதற்கான தாளமும் லேசுப்பட்டதல்ல. சிம்ஹநந்தனம் என்ற அந்தத் தாளம் 108 தாளங்களிலேயே மிக நீளமானது. ஒரு ஆவர்த்தனத்துக்கு 128 அட்சரம். நம் பிள்ளைகள் வகுப்பில் போடுகிற ஆதி தாளம் எட்டு அட்சரம்தான். அது 16 முறை சுற்றி வருவதற்குள் சிம்ஹநந்தனம் ஒரே ஒரு சுற்று முடித்திருக்கும். அவ்வளவு நீளத் தாளத்தை மனசில் பிடித்துக்கொண்டு, காலால் பிடரியும் வாலும் வரைவதை நினைத்துப் பாருங்கள். ஆலய வழிபாட்டோடு சேர்ந்திருந்து வழக்கொழியும் நிலைக்குப் போன இந்த ஆட்டத்துக்கு மறுவாழ்வு கொடுத்தவர்களில் முதலில் சொல்லவேண்டிய பெயர் சி.ஆர். ஆச்சார்யுலு. இதே வழியில் மயில் வரைகிற மயூர கவுத்துவமும் உண்டு.

குச்சிப்புடியில் இன்னொன்றை நீங்கள் மேடையிலேயே பார்த்திருப்பீர்கள். தரங்கம் ஆடும்போது பித்தளைத் தாம்பாளத்தின் விளிம்பைக் கால்விரல்களால் பற்றிக்கொண்டு, தட்டோடு சேர்ந்து முன்னும் பின்னும் நகர்வார்கள். 1963ல் வெம்பட்டி சின்ன சத்யம் சென்னையில் குச்சிப்புடி ஆர்ட் அகாடமியைத் தொடங்கியபிறகு, நம் ஊர்ப் பிள்ளைகள் பலருக்கும் அந்தத் தட்டு பழக்கமான பொருளாகிவிட்டது.

இந்த இரண்டையும் இவ்வளவு விரித்துச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. நம் ஆட்டங்களுக்குத் தரையும் ஒரு வாத்தியம். மேலே கையும் கண்ணும் செய்வதை எல்லோரும் பார்க்கிறோம். பாதத்துக்கும் தரைக்கும் நடுவில் நடப்பதைப் பார்ப்பவர்கள் குறைவு. பிள்ளையை எந்த வகுப்பில் சேர்க்கலாம் என்று கேட்கும் பெற்றோர் குருவின் பெயரைக் கேட்கிறார்கள், பாணியைக் கேட்கிறார்கள், ஃபீஸ் கேட்கிறார்கள், அரங்கேற்றம் எத்தனை வருஷத்தில் என்று கேட்கிறார்கள். தரை என்ன என்று மட்டும் கேட்பதில்லை.

கேட்டே ஆகவேண்டும். ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். பரதநாட்டியத்தில் முதல் பாடம் தட்டடவு. காலைப் பின்பக்கம் தூக்கி, முழுப் பாதமும் படும்படி ஓங்கித் தட்டவேண்டும். எட்டு அட்சரத்துக்கு முதல் காலத்தில் (வேகத்தில்) எட்டுத் தட்டு. இரண்டாம் காலத்தில் 16. மூன்றாம் காலத்தில் 32. மூன்று காலமும் ஒரே ஒரு முறை செய்தால் 56 தட்டு. பத்து முறை செய்தால் 560. இது முதல் அடவு மட்டும். இதற்குப் பிறகு நாட்டடவு இருக்கிறது, எம்பிக் குதித்துக் குதிகாலை இறக்குகிற குதித்துமெட்டு இருக்கிறது, முழங்கால் தரையைத் தொடுகிற மண்டியடவு இருக்கிறது. அத்தனையும் வெறுங்காலில்.

மயிலாப்பூரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் முதல் மாடி வகுப்பில் உட்கார்ந்திருந்தேன். பளபளவென்று டைல்ஸ். அதற்கடியில் கான்கிரீட். ஆசிரியை தாளம் போடுகிற தட்டுமனையில் தட்டுக்கழி விழுகிற சத்தம் மரத்தின் சத்தமாகக் கணீரென்று கேட்கிறது. பிள்ளைகளின் காலிலிருந்து வருவதோ ‘சப், சப்’ என்ற அறைச்சல். இரண்டாம் காலம் வந்ததுமே ஒரு குட்டிப் பெண் காலைத் தட்டுவதை விட்டுவிட்டு மெதுவாக வைக்க ஆரம்பித்துவிட்டாள். “வைக்காதே கண்ணா, தட்டு” என்றார் ஆசிரியை. வகுப்பு முடிந்ததும் அவளுடைய அம்மா வந்து, “மிஸ், ராத்திரியெல்லாம் குதிகால் வலிக்குதுன்னு அழறா” என்றார். “பழகப் பழக சரியாயிடும்மா” என்று பதில் வந்தது. அந்தப் பிள்ளைக்கு சோம்பலும் இல்லை, நடிப்பும் இல்லை. தன் குதிகாலைத் தானே காப்பாற்றிக்கொண்டிருந்தாள்.

வளரும் பிள்ளையின் எலும்பு முனைகளில் குருத்தெலும்பாலான வளர்ச்சிப் பகுதி இருக்கிறது. பதின்வயதின் நடுவிலோ கடைசியிலோதான் அது முழு எலும்பாக இறுகும். எட்டு வயதிலிருந்து 14 வயதுக்குள் வருகிற குதிகால் வலிக்கும், 10லிருந்து 15க்குள் முழங்கால் சில்லுக்குக் கொஞ்சம் கீழே புடைத்துக்கொண்டு வருகிற வலிக்கும் பெரும்பாலும் இந்த இடம்தான் காரணம். குதிப்பதும் ஓங்கி மிதிப்பதும் அதிகமானால் வலியும் அதிகமாகும். ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் ஆறிவிடும். ஓய்வே கொடுக்காமல் “பழகிவிடும்” என்று சொல்லிக்கொண்டிருப்பதுதான் ஆபத்து.

பாலே வகுப்புகளில் இதற்கு ஒழுங்கு வைத்திருக்கிறார்கள். கால்விரல் நுனியில் நிற்கிற பாயின்ட் ஷூவை 11, 12 வயதுக்கு முன்னால், அதுவும் சில வருஷப் பயிற்சியும் கால் வலுவும் இல்லாமல், நல்ல பள்ளிகள் கொடுப்பதில்லை. தரையும் மரப்பலகைத் தரை. பலகைக்கு அடியில் சட்டமோ ரப்பரோ கொடுத்து, மிதித்தால் கொஞ்சம் இறங்கி எழும்பும்படி செய்திருப்பார்கள்.

நம்மிடம் இந்த அறிவு இல்லாமல் போகவில்லை. மறந்துவிட்டோம். 1936ல் அடையாறு பிரம்மஞான சபை வளாகத்தில் ருக்மிணி தேவி கலாக்ஷேத்ராவைத் தொடங்கியபோது வகுப்பு மரத்தடியில் நடந்தது. காலுக்குக் கீழே மண். ஒயிலாட்டமும் பறையாட்டமும் இன்றைக்கும் ஊர்ப் பொட்டலில்தான் உயிரோடு இருக்கின்றன, அங்கும் மண். கேரளத்தில் களரிப்பயிற்றுச் சண்டைப்பயிற்சி நடக்கிற குழிக்களரியைப் பாருங்கள். தரைமட்டத்துக்குக் கீழே 42 அடி நீளம், 21 அடி அகலத்துக்குத் தோண்டி, மண்ணை இறுக்கிப் பதப்படுத்தி வைத்திருப்பார்கள். களரிப்பயிற்றிலிருந்து தன் உடற்பயிற்சியை எடுத்துக்கொண்ட கதகளி, பிள்ளைகளின் உடம்பை இன்னும் ஒருபடி கவனித்தது. 1930ல் வள்ளத்தோள் நிறுவிய கேரள கலாமண்டலத்தில், மழைக்காலம் வந்தால் மாணவர்களுக்கு உழிச்சல். பையன் எண்ணெய் பூசிப் படுத்துக்கொள்ள, ஆசான் காலாலேயே அவன் இடுப்பையும் தொடையையும் நீவி விடுவார். கடும்பயிற்சியும் அதற்கான பராமரிப்பும் ஒரே பாடத்திட்டத்தில் இருந்தன. நாம் பயிற்சியை மட்டும் மாடிக்குக் கொண்டுவந்துவிட்டோம். மண்ணையும் எண்ணெயையும் கீழேயே விட்டுவிட்டோம்.

ஹிப்-ஹாப்பை முழுசாக விட்டுவிடவில்லை. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் 1970களில் தெருவில் பிரேக்கிங் ஆடிய பிள்ளைகள், சிமென்ட்டின்மேல் அட்டைப்பெட்டியை விரித்தும் லினோலியம் விரித்தும் ஆடினார்கள். கையில் காசில்லாத அந்தப் பிள்ளைகளுக்குத் தரையைப் பற்றிய புத்தி இருந்தது. அந்த ஆட்டம் 2018ல் புவெனஸ் அயர்ஸில் இளையோர் ஒலிம்பிக்கிலும், 2024ல் பாரிஸ் ஒலிம்பிக்கிலும் ஏறியது. இன்று நம் ஊர் வெஸ்டர்ன் வகுப்புகளில் பிள்ளைகள் கெட்டி அடி வைத்த ஷூ போட்டுக்கொண்டு ஆடுகிறார்கள். அடியில் டைல்ஸ் இருந்தாலும் அந்த ஷூ கொஞ்சம் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். பரதத்துக்கு வருகிற பிள்ளைக்கு அந்த வசதி இல்லை. ஹிப்-ஹாப், ஃப்ரீஸ்டைல், சினிமாப் பாட்டு வகுப்புகளைப் பற்றி மீதி எல்லாம் அடுத்த வாரம்.

அதுவரைக்கும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். சேர்ப்பதற்கு முன் வகுப்புக்குப் போய், செருப்பைக் கழற்றிவிட்டு, நீங்களே பத்து முறை ஓங்கித் தட்டிப் பாருங்கள். உங்கள் குதிகாலுக்கு வலித்தால் பிள்ளைக்கும் வலிக்கும். மரப்பலகையோ மண்ணோ இருந்தால் நிம்மதியாகச் சேருங்கள். டைல்ஸாக இருந்தால் ஆசிரியரிடம் மரியாதையாகப் பேசுங்கள். அடியில் ரப்பர்த் துண்டுகள் வைத்து மேலே பிளைவுட் பலகை போட்டாலே பெரிய வித்தியாசம் தெரியும். பத்துப் பெற்றோர் சேர்ந்தால் அந்தச் செலவு பெரிதல்ல. மெத்தென்ற நுரைப் பாய் வேண்டாம், அதில் கணுக்கால் புரளும். பலகை போடுகிறவரை மூன்றாம் காலத்தையும் குதிக்கிற அடவுகளையும் குறைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வலி இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

ஆசிரியர்களுக்கும் ஒன்று. ‘தட்டு’ என்று பிள்ளையிடம் கேட்கிற உரிமை உங்களுக்கு இருக்கிறது. தட்டத் தகுந்த தரையை முதலில் கொடுங்கள்.

(தொடரும்)