முதல் பெயர் அல்மெய்டா

1968 நவம்பர் 16 தேதியிட்ட ‘நேச்சர்’ இதழின் செய்திப் பக்கங்களில் ஒரு சிறு குறிப்பு வந்தது. கோழிகளுக்கு மூச்சுக்குழல் நோய் தரும் வைரஸ், எலிகளின் கல்லீரலைத் தாக்கும் வைரஸ், மனிதருக்குச் சளி பிடிக்கவைக்கும் சில வைரஸ்கள் எல்லாம் ஒரே இனம், இவற்றுக்குக் ‘கொரோனா வைரஸ்’ என்று பெயர் வைக்கலாம் என்றது அது. எழுதியவர்கள் எட்டுப் பேர். பட்டியலில் முதல் பெயர் அல்மெய்டா. ஆங்கில அகரவரிசை தந்த இடம்தான். ஆனால் அந்த இடம் அவருக்கே உரியது என்பேன்.

ஜூன் அல்மெய்டா ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஒரு பேருந்து ஓட்டுநரின் மகளாக 1930-இல் பிறந்தவர். பல்கலைக்கழகம் போக வசதியில்லை. 16 வயதில் படிப்பை நிறுத்திவிட்டு மருத்துவமனை ஆய்வகமொன்றில் உதவியாளராகச் சேர்ந்தார். திருமணத்துக்குப் பின் கனடா சென்று, டொரான்டோவில் எலெக்ட்ரான் நுண்ணோக்கியைக் கையாளக் கற்றார். பட்டம் இல்லாதவரின் பெயரையும் ஆய்வுக்கட்டுரையில் போடும் வழக்கம் அங்கே இருந்தது, நல்லவேளையாக. கட்டுரைகள் முதலில் வந்தன. முனைவர் பட்டம் வெகுகாலம் கழித்து வந்தது.

அவருடைய கைத்திறன் ஒரு நுட்பத்தில் இருந்தது. மாதிரியில் வைரஸ்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும். குப்பை எது, கிருமி எது என்று தெரியாது. அந்த வைரஸுக்கு எதிரான நோயெதிர்ப்புப் புரதத்தைச் சேர்த்தால் அது வைரஸ்களைப் பற்றிப் பிணைத்துக் கொத்தாக்கிவிடும். கொத்தைக் கண்டுபிடிப்பது எளிது.

1964-இல் லண்டனின் செயின்ட் தாமஸ் மருத்துவமனைக்கு வந்தார். சால்ஸ்பரி அருகே சளி ஆய்வு நிலையம் நடத்திய டேவிட் டிரெல், வழக்கமான முறையில் வளர்க்க முடியாத ‘பி814’ என்ற வைரஸை அவருக்கு அனுப்பினார். உறைவிடப் பள்ளிச் சிறுவன் ஒருவனின் சளியிலிருந்து எடுத்தது அது. படத்தில் தெரிந்த உருவம் அல்மெய்டாவுக்குப் புதிதல்ல. கோழி வைரஸிலும் எலி வைரஸிலும் இதே உருவத்தை அவர் முன்பே பார்த்திருந்தார். அதைப் பற்றி எழுதியனுப்பிய கட்டுரையை, இவை இன்ஃப்ளூயன்ஸா வைரஸின் மோசமான படங்கள் என்று சொல்லி மதிப்பீட்டாளர்கள் திருப்பியனுப்பியிருந்தார்கள். 1967-இல் டிரெலுடன் சேர்ந்து எழுதிய கட்டுரைதான் மனித கொரோனா வைரஸின் உருவத்தை உலகுக்குக் காட்டியது.

அவர் லண்டன் வந்த அதே 1964-இல்தான் பிலடெல்பியாவில் யூஜின் கார்ஃபீல்டு அறிவியல் மேற்கோள் அட்டவணையைத் தொடங்கினார். எந்தக் கட்டுரையை எவரெல்லாம் சுட்டியிருக்கிறார்கள் என்று தேட உதவும் கருவி அது. தேடுவதற்குச் செய்த கருவி, காலப்போக்கில் ஆளை எடைபோடும் தராசாயிற்று. 2005-இல் ஹோர்ஹே ஹிர்ஷ் ‘எச் எண்’ணைக் கொடுத்தார். குறைந்தது 20 முறை சுட்டப்பட்ட கட்டுரைகள் ஒருவருக்கு 20 இருந்தால் அவருடைய எச் எண் 20. பதவி உயர்வும் நிதியும் இந்த ஓர் எண்ணில் வந்து நின்றன.

கொரோனா ஆய்வாளர்களுக்கு இந்தக் கணக்கு வெகுகாலம் கைகொடுக்கவில்லை. வெறும் சளிக் கிருமிக்கு யார் நேரம் ஒதுக்குவார்கள்? 1980-இல் ஜெர்மனியின் வூர்ஸ்பர்க்கில் நடந்த முதல் சர்வதேச கொரோனா வைரஸ் மாநாட்டுக்கு வந்தவர்களே ஏறக்குறைய 60 பேர்தான். 2003-இல் சார்ஸ் என்ற கொரோனா நோய் வந்தபோது கூட்டம் கூடியது, பிறகு கலைந்தது. 2020 ஜனவரியில், வூகானின் 41 கோவிட் நோயாளிகளைப் பற்றி ‘லான்செட்’ வெளியிட்ட கட்டுரையோ பல்லாயிரம் மேற்கோள்களைப் பெற்றது. முக்கியமான கட்டுரைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த எண்ணிக்கை கட்டுரையின் ஆழத்தை அளக்கவில்லை. உலகம் எவ்வளவு பதறியது என்பதை அளந்தது.

பதற்றத்தில் இன்னொன்றும் நடந்தது. சர்ஜிஸ்ஃபியர் என்ற நிறுவனத்தின் தரவுகளை நம்பி ஹைட்ராக்சிகுளோரோகுயின் மருந்து பற்றி அதே ‘லான்செட்’ 2020 மே 22-இல் வெளியிட்ட கட்டுரை, தரவுகளைச் சரிபார்க்க வழியில்லாமல் ஜூன் 4-இல் திரும்பப் பெறப்பட்டது. அதன் பிறகும் அதைச் சுட்டியவர்கள் ஏராளம். அந்த மேற்கோள்களும் கூட்டலில் ஒன்று, ஒன்றாகத்தான் ஏறின.

இதற்கு நேர் எதிரான விபத்து அல்மெய்டாவுடையது. ஒரு கண்டுபிடிப்பு எல்லாருக்கும் பொது அறிவாகிவிட்டால், அதை முதலில் சொன்னவரை யாரும் சுட்டுவதில்லை. சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். 2020-க்குப் பிறகு வந்த லட்சக்கணக்கான கட்டுரைகளில் எத்தனை பேர் ‘கொரோனா வைரஸ்’ என்று எழுதிவிட்டு, அடிக்குறிப்பில் அந்த 1968 குறிப்பைக் காட்டினார்கள்? காட்டவேண்டிய அவசியமே இல்லாமல்போனது அவருடைய வெற்றி. அட்டவணையில் அது சுழியமாகத்தான் பதிவாகும்.

கற்றுக்கொடுத்ததற்கும் அந்த அட்டவணையில் இடம் கிடையாது. கொத்தாக்கும் நுட்பத்தை அமெரிக்கர் ஆல்பர்ட் கபிகியனுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அல்மெய்டா. அதைக் கொண்டுதான் கபிகியன் 1972-இல், வாந்தி பேதிக்குக் காரணமான நார்வாக் வைரஸைக் கண்டுபிடித்தார். அந்தக் கட்டுரைக்கு ஆசிரியர்கள் ஆறு பேர். அல்மெய்டா அதில் இல்லை.