சாய்ந்த பலாவும் சட்டைப்பைப் பேனாவும்

கஜா புயல் அடித்த 2018 நவம்பர் 16-ம் தேதிக்குப் பிறகு பேராவூரணி, கீரமங்கலம் பக்கமெல்லாம் வாரக்கணக்கில் ரம்பச் சத்தம் ஓயவில்லை. தென்னை மட்டுமா? பாட்டன் வைத்த பலாவும் மாவும் வேரோடு கிடந்தன. தோட்டம் ஒழிந்தால் போதும் என்றிருந்தவர்கள் வந்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். வீணைக்குக் குடம் குடைகிற மரம் விறகாக லாரி ஏறியது.

அப்படி ஏற இருந்த ஒரு பலாத்துண்டைத்தான் அந்தப் பக்கத்துக் கடைசல்காரர் ஒருவர் எடை போட்டு வாங்கிவைத்தார். கட்டில் காலும் பூரிக்கட்டையும் கடைந்து பிழைத்தவர், இப்போது அதே லேத்தில் பேனா கடைகிறார்.

இரண்டு சென்டிமீட்டர் சதுரம், 13 சென்டிமீட்டர் நீளம். பேனாவுக்கு அவ்வளவு போதும். நடுவில் 7 மில்லிமீட்டர் துளை போட்டு, பித்தளைக் குழாயைப் பசை வைத்துச் செருகுகிறார். லேத் ஓட ஆரம்பித்ததும் உளியைச் சாய்த்துப் பிடிக்கிறார். முதலில் சிராய் தெறிக்கிறது. கட்டை உருண்டையானதும் நூல் நூலாக மஞ்சள் சுருள் வழிகிறது. பிறகு உப்புத்தாள். ஓடுகிற கட்டையிலேயே அரக்குப் பாலீஷ் துணியை வைத்ததும் ரேகை பளிச்சென்று எழுந்து நிற்கிறது. இந்த மஞ்சள் நிலைக்காது. வெளிச்சம் பட்டுப் பட்டுத் தேன் நிறமாகி, பழுப்பாகும். எனக்கு அந்தப் பழுப்புதான் பிடிக்கும்.

சேதாரம் போக, ஒரு கன அடிக் கட்டையில் 300 பேனா தாராளமாகத் தேறும். லாரி லாரியாகப் போனதை நினைத்தால் வயிறு எரிகிறது.

ஆனால், புயல் மரத்தை நம்பிவிடக் கூடாது. காற்றில் வளைந்து முறுகிய மரத்தில் உள்ளே நார் நசுங்கியிருக்கும், வெளியே தெரியாது. துளை போடும்போது குறுக்கே படக்கென்று ஒடியும். ஈரம் வேறு. வெட்டுமுகத்தில் மெழுகு தடவி, நிழலில் அடுக்கி, ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம் என்று காயவிட வேண்டும்.

“வெயில்ல போட்டா ஒரே வாரம், வாயைப் பொளந்துடும் தம்பி” என்கிறார்.

என்னைப் பிடித்து ஆட்டுவதும் இந்த அவசரம்தான்; கட்டைக்காக அல்ல, மரத்துக்காக. சாய்ந்த மரமெல்லாம் செத்த மரம் இல்லை. ஒரு பக்க வேர் மண்ணில் இருந்தால், கிளையைக் கழித்து, நிமிர்த்தி, முட்டுக் கொடுத்து, மண் அணைத்தால் பிழைக்கிறவை உண்டு. வேம்பு துளிர்க்கும். பூவரசு போத்து நட்டாலே வருகிற மரம், கேட்கவே வேண்டாம். 2016 வர்தா புயலின்போது எங்கள் சென்னைத் தெருவில், ரம்பம் வந்த வேகத்துக்கு ஒருவரும் குனிந்து வேரைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. விறகு விலைக்கே பொறுக்காதவர்கள், புயல் மரப் பேனாவுக்கு மவுசு வந்தால் பொறுப்பார்களா?

தோப்பே விழுந்து கிடப்பவரிடம் போய் முட்டுக் கொடு, மண் அணை என்று சொல்வது சுலபம் என்பார்கள். நியாயம்தான். ஆனாலும், வெட்டுமுன் வேரைப் பார்க்க அரை நிமிஷம் ஆகுமா?

பட்டறைக்குப் பின்னால், அதே புயலில் பாதி சாய்ந்த பூவரசு ஒன்று நிற்கிறது. தரையில் ஊன்றிய முழங்கைபோல வளைந்து, மேலே நிமிர்ந்து கிளை விட்டிருக்கிறது. மஞ்சள் பூவும், வாடிச் சிவந்த பூவுமாக இருக்கிறது. கடைசலுக்கு அருமையான வைரம் உள்ள மரம். போன மாதம் ஒருவர் வந்து அதற்கு விலை கேட்டாராம்.

“வேற கட்டை தர்றேன்னு சொல்லி அனுப்பிட்டேன். திரும்ப வருவாரு போல.”