பதினேழு அமைப்புகள்

ஸ்பெயின் தேசத்தின் தெற்கே, கிரனாடா நகரத்துக் குன்றின்மேல் நஸ்ரித் வம்சத்துச் சுல்தான்கள் எழுப்பிய அல்ஹம்ப்ரா அரண்மனையின் சுவர்களில், ஓட்டுச் சில்லுகளைச் செதுக்கிப் பதித்த சித்திரங்கள் நாற்றிசையிலும் ஒரே அலகைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு செல்வதைக் காண்பவர், அந்தச் சிற்பிகளின் கற்பனைக்கு எல்லையே இல்லை என்று முடிவு செய்வது இயல்பு. அலகுக்குள் வரையும் உருவத்தைப் பொறுத்தவரை அந்த முடிவு சரியே. பூவோ, நட்சத்திரமோ, பறவையோ, மனம்போல வரையலாம். ஆனால் அந்த அலகைத் தளம் முழுதும் அடுக்கும் சமச்சீர் முறைகள், அரண்மனை ஓடானாலும் வீட்டுச் சுவரில் ஒட்டும் அச்சுத்தாளானாலும், மொத்தம் பதினேழுதாம். பதினெட்டாவது ஒன்று இருக்கவே முடியாது என்பது கணித சாஸ்திரம் ஐயத்துக்கு இடமின்றி நிரூபித்த உண்மை.

ஒரு சித்திரத்தை அதன்மேலேயே பிசகின்றிப் பொருந்துமாறு எப்படியெல்லாம் அசைக்கலாம் என்று கேட்பதே இந்த விசாரணையின் ஆரம்பம். மெல்லிய தாளில் அதன் பிரதி ஒன்றை எடுத்து மூலத்தின்மேல் வைத்துப் பக்கவாட்டில் நகர்த்தலாம். ஒரு புள்ளியை மையமாகக் கொண்டு சுழற்றலாம். ஒரு கோட்டை ஆதாரமாகக் கொண்டு கண்ணாடிப் பிம்பம்போலப் புரட்டலாம். அவ்வாறு புரட்டியதை அதே கோட்டின் வழியே சற்று நகர்த்தவும் செய்யலாம். ஈர மணலில் நடந்து சென்றவனுடைய இடக்கால் சுவடும் வலக்கால் சுவடும் ஒன்றுக்கொன்று கொண்டுள்ள உறவே இந்த நான்காவது வகை. தளத்தை நீட்டாமலும் சுருக்காமலும் அசைப்பதற்கு வேறு மார்க்கம் கிடையாது. ஒரு சித்திரம் இவற்றுள் எவ்வெவற்றுக்கு இணங்குகிறதோ, அந்த இணக்கங்களின் தொகுதியே அதன் இனத்தை நிர்ணயிக்கிறது.

நான்கினுள்ளும் சுழற்சியே மிகக் கண்டிப்பானது. அரைச் சுற்று, மூன்றில் ஒரு சுற்று, கால் சுற்று, ஆறில் ஒரு சுற்று என்பவற்றுக்கு மேல் எந்த ஆவர்த்தனச் சித்திரமும் இடங்கொடுப்பதில்லை. ஐந்து இதழ்ப் பூவை அலகுக்குள் வரையலாமே தவிர, சித்திரம் முழுவதையும் ஐந்தில் ஒரு சுற்றுத் திருப்பித் தன்மேல் பொருந்தச் செய்தல் இயலாது. இதன் காரணத்தைக் காகிதமும் பென்சிலும் கொண்டு எவரும் அறியலாம். அத்தகைய சுழற்சி மையங்கள் இருப்பதாகவே வைத்துக்கொண்டு, அவற்றுள் ஒன்றுக்கொன்று மிக அருகில் உள்ள இரண்டைத் தேர்ந்தெடுத்து, முதலாவதை இரண்டாவதைச் சுற்றியும் இரண்டாவதை முதலாவதைச் சுற்றியும், இரண்டும் கோட்டின் ஒரே பக்கத்தில் எழும்படி, ஐந்தில் ஒரு சுற்றுத் திருப்பினால், வந்து சேரும் புதிய புள்ளிகளும் மையங்களாகவே இருந்தாக வேண்டும். அளந்து பார்த்தாலோ, அவற்றின் இடைவெளி முந்தைய இடைவெளியில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் குறைவு! மிக நெருங்கியவை என்று தேர்ந்தவற்றினும் நெருங்கிய வேறிரண்டு இருத்தல் முரண் ஆதலால், தொடக்கத்தில் கொண்ட அனுமானமே தகர்ந்துபோகிறது. ஏழு முதலிய எண்களும் இத்தகைய யுக்தியாலேயே வீழ்கின்றன. பள்ளி மாணவனுக்கும் எட்டும் இந்தச் சிறு வாதம், உலகத்துச் சித்திரக்காரர் அனைவரையும் காலமெல்லாம் கட்டுப்படுத்தும் ஒரு நியதியை நிலைநாட்டிவிடுகிறதே என்ற வியப்பு எனக்கு இன்னும் அடங்கவில்லை.

எஞ்சியது பொறுமையான கணக்கு. சுழற்சியே இல்லாதவை நான்கு. அரைச் சுற்று மட்டும் உடையவை ஐந்து. மூன்றில் ஒரு சுற்றுக்கும் கால் சுற்றுக்கும் மும்மூன்று. ஆறில் ஒரு சுற்றுக்கு இரண்டு. 1891-ல் ருஷ்யப் படிகவியல் அறிஞர் ஃபெடோரோவ் இதை நிரூபித்தார். அது மேல்நாடுகளில் பரவாதிருந்தமையால், 1924-ல் ஹங்கேரியக் கணித மேதை போல்யா தாமாகவே அதை மறுபடி கண்டறிந்து, பதினேழுக்கும் ஒவ்வொரு சித்திரம் வரைந்து ஒரு கட்டுரையாக வெளியிட்டார். 1936-ல் அல்ஹம்ப்ராவின் ஓடுகளை மனைவியோடு அமர்ந்து பிரதி எடுத்துத் திரும்பிய டச்சு ஓவியர் எஷர், நிலவியல் பேராசிரியரான தம் சகோதரரின் வழிகாட்டுதலால் அந்தக் கட்டுரையைப் பெற்று, அதன் சித்திரங்களைத் தம் குறிப்பேட்டில் எழுதிவைத்துக்கொண்டார்.

அல்ஹம்ப்ராவில் பதினேழும் உண்டா என்ற கேள்வி இதன்பின் எழுந்தது. 1944-ல் ஸூரிக் நகரில் எடித் மியூலர் என்ற பெண்மணி தம் ஆராய்ச்சியில் பதினொன்றைக் கண்டார். பின்வந்தோருள் சிலர் பதினேழும் உண்டு என்றனர். வேறு சிலர் மறுத்தனர். இந்த விவாதம் தீராமைக்கு அங்குள்ள ஓர் ஓட்டுச் சித்திரமே சான்று கூறும். வளைந்த மூன்று சிறகுகளோடு சுழல்வதுபோல் நிற்கும் உருவத்தை, வெள்ளையும் வண்ணமும் மாறிமாறி வரப் பதித்திருக்கிறார்கள். வெள்ளை, வண்ணம் என்னும் பேதத்தைக் கணக்கில் கொண்டால் அது மூன்றில் ஒரு சுற்றின் இனம். பேதத்தை மறந்து கோடுகளை மட்டும் நோக்கினால் ஆறில் ஒரு சுற்றின் இனம். நிறத்தையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்பது என் கருத்து. நிறத்தைத் தேர்ந்து பதித்த கை அதை வீணாகத் தேர்ந்திருக்க முடியாது.

ஐந்துக்கு இடமில்லை என்ற நியதி படிகங்களுக்கும் பொருந்துவதாகவே கொள்ளப்பட்டிருக்க, 1982-ல் இஸ்ரேல் நாட்டு விஞ்ஞானி ஷெக்ட்மன், அலுமினியமும் மாங்கனீஸும் கலந்த உலோகம் ஒன்றில் பத்தில் ஒரு சுற்றுக்கும், ஆகவே ஐந்தில் ஒரு சுற்றுக்கும் இணங்கும் சமச்சீரைக் கண்டார். அதை நம்ப மறுத்தோர் பலர். 2011-ல் அதற்கே ரசாயன நோபல் பரிசு கிடைத்தது. நிரூபணத்தில் பிழை இல்லை. அந்த உலோகத்தின் அணுக்கள் ஒழுங்காக அமைந்திருந்தும், ஓர் அலகைத் திரும்பச் சொல்வதில்லை. ஆவர்த்தனம் இல்லாத இடத்தில் ஆவர்த்தனத்தின் சட்டம் செல்லாது. படிகம் என்பதற்கு அதுவரை வழங்கிய இலக்கணத்தைத்தான் படிகவியலார் திருத்தி எழுத நேர்ந்தது.